பாட்டு இல்லை, நடனம் இல்லை, ஆனாலும் அழியவில்லை!

ஒரு சினிமாப் படம் நல்ல படமா, மட்டமான படமா? இதை யார் முடிவு செய்வது?

முதல் நாள் முதல் காட்சி பார்த்தவரா? வசூல் கணக்கு எழுதும் விநியோகஸ்தரா? பரிசு கொடுக்கும் சர்க்காரா? அல்லது பத்திரிகையில் எழுதும் என்னைப் போன்றவர்களா?

"காலம்தான் முடிவு செய்யும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலம் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் படம் பத்திரமாக இருக்க வேண்டுமே! தகரப் பெட்டிக்குள் கிடந்து பொடிப்பொடியாகிப் போன படத்துக்குத் தீர்ப்பு ஏது?

இன்று இரண்டு படங்களின் கதையைச் சொல்லப் போகிறேன். ஒன்று அமெரிக்கப் படம். இன்னொன்று நம் வடபழனியில் எடுத்த படம். இரண்டும் வெளிவந்தபோது கல்லாப்பெட்டி நிறையவில்லை. இரண்டையும் இன்று உலகம் மறக்கவில்லை.

வடபழனியில் ஒரு துப்பாக்கிச் சத்தம்!

நம் படத்தின் பெயர் "அந்த நாள்". ஏவி.எம். தயாரித்தது. 1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி வெளிவந்தது.

படம் தொடங்கியதும் ஒரு துப்பாக்கிச் சத்தம். கதாநாயகன் சுருண்டு விழுந்து சாகிறான்!

யார் கதாநாயகன்? சிவாஜி கணேசன்! எந்த சிவாஜி? இரண்டு வருஷத்துக்கு முன்னால் "பராசக்தி"யில் கோர்ட்டில் நின்று முழங்கினாரே, அவர். ஆறு வாரத்துக்கு முன்னால் "மனோகரா"வில் சங்கிலியோடு கர்ஜித்தாரே, அவர். அவரை முதல் காட்சியிலேயே சாகடித்து விட்டார்கள். பிறகு என்ன படம் ஓடும் என்று ரசிகர்கள் திகைத்திருப்பார்கள் அல்லவா?

அதோடு விட்டார்களா? பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் படத்தில் எத்தனை பாட்டுகள் இருந்தன என்பது வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியைக் கேட்டால் தெரியும். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் சிவாஜியின் இன்னொரு படமும் வெளிவந்தது. "கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி". சிரிப்புப் படம். தமிழ் வருஷப் பிறப்புக்குக் குழந்தை குட்டிகளோடு சினிமாவுக்குக் கிளம்பும் குடும்பம் எந்தக் கொட்டகைக்குப் போகும்? கொலையைப் பார்க்கவா, கல்யாணத்தைப் பார்க்கவா? நானாக இருந்தாலும் கல்யாணத்துக்குத்தான் போயிருப்பேன்.

"அந்த நாள்" எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

கதை என்ன?

காலம் 1943. உலகப் போர் நடக்கிறது. சென்னை மீது ஜப்பான்காரர்கள் குண்டு போடுகிறார்கள். இது கற்பனை இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் மெய்யாகவே சென்னையில் குண்டு போட்டது. அதற்கு முந்தின வருஷம், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்து இறங்கப் போகிறான் என்ற பயத்தில் ஊரே காலியானது. சர்க்கார் ஆபீசுகளை உள்நாட்டுக்கு மாற்றினார்கள். மிருகக் காட்சி சாலையில் இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்ற பயம்!

அப்படிப்பட்ட நாளில் ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டு இறக்கிறான். சிவானந்தம் என்ற சி.ஐ.டி. அதிகாரி வருகிறார். வீட்டில் இருந்தவர்கள், வந்து போனவர்கள் என்று ஐந்து பேரை விசாரிக்கிறார். மனைவி உஷா. தம்பி. தம்பி மனைவி. அண்டை வீட்டுப் பெரியவர். ராஜனோடு பழகிய ஒரு பெண்.

ஐந்து பேர் வாயிலிருந்தும் ஐந்து ராஜன்கள் வருகிறார்கள்! ஒருவர் சொல்லும் ராஜன் கல்நெஞ்சன். இன்னொருவர் சொல்லும் ராஜன் காதலன். ஒருவர் மீது ஒருவர் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். கேட்கக் கேட்க நமக்குத் தலை சுற்றுகிறது. கடைசியில்தான் தெரிகிறது, ராஜன் எதிரிக்கு ரகசியம் விற்றவன், தேசத்துரோகி என்று. தன் மூளைக்குத் தன் நாட்டில் மதிப்பு இல்லையே என்ற கசப்பு அவனை அங்கே கொண்டுபோய் விட்டது.

கொலை செய்தது யார்? சொல்ல மாட்டேன்! இனிமேல் பார்க்கப் போகிறவர்களின் ரசனையைக் கெடுக்கும் பாவம் எனக்கு வேண்டாம்.

இதை டைரக்ட் செய்தவர் எஸ். பாலசந்தர். ஆம், வீணை பாலசந்தரேதான்! அப்போது அவருக்கு வயது 27. சிறு பிள்ளையாக 1934-ல் வந்த "சீதா கல்யாண"த்திலேயே முகம் காட்டியவர். ஜப்பானிய டைரக்டர் குரோசாவா எடுத்த "ராஷோமான்" படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று சொல்வார்கள். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் படம் அது. ஆனால் கதையின் எலும்புக் கூட்டைப் பார்த்தால், 1950-ல் பிரிட்டனில் வந்த "தி உமன் இன் க்வெஸ்டியன்" படத்தின் ஜாடை அதிகம். அதில் கொலையுண்டவள் ஒரு பெண். ஐந்து பேர் அவளைப் பற்றி ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். பாலசந்தர் பெண்ணை ஆணாக்கினார், ஊரைச் சென்னையாக்கினார், அதற்குள் ஒரு யுத்தத்தையும் நுழைத்தார். "காப்பி" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு தோட்டத்துக் கன்றைக் கொண்டுவந்து நட்டாலும், அது நம் மண்ணில் வேர் பிடித்து நம் காயைக் காய்த்திருக்கிறது.

கதை வசனம் ஜாவர் சீதாராமன். சி.ஐ.டி. அதிகாரியாக நடித்தவரும் அவரே. பிற்பாடு "பட்டணத்தில் பூதம்" படத்தில் ஜாடியிலிருந்து புகையாகக் கிளம்பி வந்தாரே, அந்த மொட்டைத்தலை பூதம்! அவரேதான். பூதமாக வந்தவரைக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். இந்தக் கதையை எழுதினவர் அவர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

சிவாஜி கத்தவில்லை!

இந்தப் படத்தில் சிவாஜியின் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இதில் அவர் கத்தவில்லை. கண்ணை உருட்டவில்லை. தாழ்ந்த குரலில் பேசுகிறார். சில இடங்களில் பேசாமலே நிற்கிறார். உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால், இவனை நம்பலாமா கூடாதா என்று நமக்கே சந்தேகம் வருகிறது. ஐந்து பேர் சொல்லும் ஐந்து ராஜன்களுக்கும் ஐந்து நடை, ஐந்து பார்வை! எஸ். மாருதி ராவின் காமிரா பாதி முகத்தை வெளிச்சத்திலும் பாதி முகத்தை இருட்டிலும் வைத்துக் காட்டுகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1954-ல் சிவாஜியைப் பார்க்க வந்தவர்கள் முழக்கத்தைக் கேட்க வந்தவர்கள். பக்கம் பக்கமாக வசனம் பேசும் சிங்கத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, பூனை மாதிரி நடக்கும் ஒரு வில்லனைக் காட்டினால் எப்படி இருக்கும்? அவர்கள் முகம் சுளித்தார்கள் என்றால் அது அவர்கள் குற்றம் இல்லை. அவர்களைப் படிக்காதவர்கள், ரசனை இல்லாதவர்கள் என்று இன்று சில விமர்சகர்கள் எழுதுகிறார்கள். அது சுத்தத் தவறு. கூலி வேலை செய்து சேர்த்த நாலணாவைக் கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு, பாட்டு வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு.

பாண்டரிபாய்க்கும் இதில் பெரிய வேஷம். பிற்காலத்தில் பெரிய கதாநாயகர்களுக்கெல்லாம் அம்மாவாக வந்து கண்ணீர் விட்டவர் என்றே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். உஷாவாக அவர் வருவதைப் பாருங்கள். படித்த பெண். புருஷனை நேசிக்கிறாள். நாட்டையும் நேசிக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அவள் படும் பாடுதான் படத்தின் உயிர் என்பேன்.

அமெரிக்காவில் ஒரு 25 வயதுப் பையன்!

இப்போது கடல் கடந்து போவோம்.

"அந்த நாள்" வருவதற்கு 13 வருஷங்களுக்கு முன், 1941 மே மாதம், நியூயார்க்கில் ஒரு படம் வெளிவந்தது. பெயர் "சிட்டிசன் கேன்". எடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். கதையில் கை கொடுத்தார், டைரக்ட் செய்தார், தானே கதாநாயகனாகவும் நடித்தார். எடுத்தபோது வயது 25! அதற்கு முன்பே 1938-ல் ரேடியோவில் ஒரு நாடகம் போட்டு, செவ்வாய்க் கிரகத்திலிருந்து படை வந்து இறங்கிவிட்டது என்று கேட்டவர்களில் சிலரை நம்ப வைத்த மகா கெட்டிக்காரர்.

அந்தப் படத்திலும் கதாநாயகன் தொடக்கத்திலேயே சாகிறான்! கேன் என்ற கோடீசுவரன். பல பத்திரிகைகளுக்குச் சொந்தக்காரன். மலை மேல் அரண்மனை கட்டி வாழ்ந்தவன். சாகும்போது ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சாகிறான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? கண்டுபிடிக்க ஒரு நிருபர் கிளம்புகிறார். அவனை அறிந்த ஒவ்வொருவரிடமும் கதை கேட்கிறார். இங்கே ஐந்து பேர் சொன்ன மாதிரி, அங்கேயும் ஐந்து பேரின் நினைவுகள். அதில் ஒருவர் இறந்துபோய்விட்டதால் அவர் எழுதி வைத்த குறிப்பைப் படிக்கிறார்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தையும் நான் சொல்லப் போவதில்லை. கடைசி நிமிஷத்தில் படமே காட்டும்.

இந்தப் படம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலீஷ் படம், அதுவும் பழைய படம், அதுவும் கறுப்பு வெள்ளைப் படம்! இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். புரியுமா புரியாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மரக் குடிசை. வெளியே பனி கொட்டுகிறது. ஒரு சிறு பையன் பனியில் விளையாடுகிறான். குடிசைக்குள்ளே அவன் அம்மா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். பையனை ஒரு பணக்காரக் காரியஸ்தரிடம் ஒப்படைக்கும் பத்திரம். அவளுக்குத் திடீரென்று பெரிய சொத்து வந்திருக்கிறது. பையனாவது நன்றாக வளரட்டும் என்று அனுப்பத் துணிகிறாள். அப்பன் முனகுகிறான். அவள் கல்லாக நிற்கிறாள். முன்னால் அம்மாவின் முகம். தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே, ஒன்றும் அறியாமல் கூச்சல் போட்டு விளையாடும் பிள்ளை. இரண்டும் ஒரே படத்தில், இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன! காமிராக்காரர் கிரெக் டோலண்டின் கைவண்ணம் அது. ஊரில் அம்மாவை விட்டுவிட்டு ஆஸ்டலில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று. கேனும் அவன் மனைவியும் காலைப் பலகாரம் சாப்பிடுகிறார்கள். புது மணத் தம்பதி. கொஞ்சிப் பேசுகிறார்கள். காட்சி மாறுகிறது. அதே மேஜை. கொஞ்சம் குறைகிறது கொஞ்சல். மறுபடி மாறுகிறது. சிறு சண்டை. மறுபடி. முகத்தில் கடுப்பு. கடைசியில் இருவரும் மேஜையின் இரண்டு கோடியில். பேச்சே இல்லை. அவன் தன் பத்திரிகையைப் படிக்கிறான். அவள் போட்டிப் பத்திரிகையைப் படிக்கிறாள்! பல வருஷத் தாம்பத்தியம் சில நிமிஷத்தில் முடிந்தது. எதிரிப் பத்திரிகையைக் கையில் எடுத்தாளே, அந்த ஒரு காரியத்தில் அவள் மனதெல்லாம் தெரிந்துவிட்டது. (பத்திரிகைக்காரன் வீட்டில் நடக்கக்கூடிய கொடுமைகளில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறதா?)

கொளுத்தப் பார்த்தார்கள்!

"சிட்டிசன் கேன்" வந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா?

அமெரிக்காவில் ஹெர்ஸ்ட் என்று ஒரு பத்திரிகைச் சக்கரவர்த்தி இருந்தார். படத்தில் வரும் கேன் தம்மைப் போல இருக்கிறான் என்று அவர் தரப்புக்கு மகா கோபம். அவருடைய பத்திரிகைகளில் இந்தப் படத்தின் பெயரையே அச்சடிக்கக் கூடாது என்று உத்தரவு. பெரிய கொட்டகைகள் சில, படத்தைப் போடப் பயந்து பின்வாங்கின. ஹாலிவுட்டின் பெரிய முதலாளி லூயி மேயர் ஒரு பேரம் பேசினார். எட்டு லட்சம் டாலர் அளவுக்குப் பணம் தருகிறோம், நெகடிவைக் கொளுத்திவிடுங்கள் என்றார்! படத்தை எடுத்த ஆர்.கே.ஓ. கம்பெனியின் தலைவர் ஷேபர் மறுத்துவிட்டார். அந்த மனிதர் மட்டும் தலையாட்டியிருந்தால், இன்று நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

படம் வசூலில் விழுந்தது. ஆஸ்கார் பரிசுக்கு ஒன்பது பிரிவுகளில் பெயர் வந்தது. கிடைத்தது ஒன்றே ஒன்று, திரைக்கதைக்கு. பிறகு பெட்டிக்குள் போயிற்று.

உயிர் கொடுத்தவர்கள் யார்? பிரெஞ்சுக்காரர்கள்! போர் முடிந்து 1946-ல் படம் பாரிசுக்குப் போயிற்று. அங்கே இளைஞர்கள் மாய்ந்து மாய்ந்து பார்த்தார்கள், எழுதினார்கள். 1956-ல் அமெரிக்க டெலிவிஷனில் காட்டினார்கள். பழைய தலைமுறை தவற விட்டதைப் புதிய தலைமுறை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது.

லண்டனில் "சைட் அண்ட் சவுண்ட்" என்று ஒரு சினிமாப் பத்திரிகை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை உலக விமர்சகர்களைக் கேட்டுச் சிறந்த படங்களின் பட்டியல் போடும். 1952-ல் போட்ட முதல் பட்டியலின் பத்துப் படங்களில் "சிட்டிசன் கேன்" கிடையாது. 1962-ல் முதல் இடம்! 1972, 1982, 1992, 2002 என்று விடாமல் முதல் இடம். 2012-ல் இரண்டாம் இடம். 2022-ல் மூன்றாம் இடம்.

முதல் இடம் போனதற்காக அழ வேண்டியதில்லை. பட்டியல் என்பது பரீட்சை மார்க்கு மாதிரி. கேட்கிறவர் மாறினால் மார்க்கும் மாறும். 80 வருஷம் கழித்தும் மார்க்குப் போட உட்காருகிறார்களே, அதுதான் விசேஷம்.

ஆவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான் குடியிருப்பது அம்பத்தூரில். ஆவடியில் ஒரு நண்பர் வீடு. அவருடைய தகப்பனார் டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ரிடயர் ஆனவர். ஆவடியில் 1961-ல் வந்த அந்தத் தொழிற்சாலையில் இருந்துதான் 1965-ல் "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது. அதற்கு முன்பும் ஆவடி பட்டாளத்து ஊர்தான். அந்த உலகப் போர்க் காலத்தில் அங்கே ராணுவத்தின் பெரிய கிடங்குகள் இருந்தன. ஆவடி என்றால் 1955-ல் நடந்த காங்கிரஸ் மகாநாடுதான் பலருக்கு நினைவுக்கு வரும். சண்டைக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை அந்த வீட்டில் "அந்த நாள்" போட்டோம். பாட்டி, பெரியவர், என் நண்பர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் பெண், எட்டாம் வகுப்புப் பையன். மூன்று தலைமுறை!

கால் மணி நேரம் போனதும் பாட்டி, "ஏண்டாப்பா, இவன் ஒரு பாட்டுகூடப் பாட மாட்டானா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். பையன் செல்போனை எடுத்தான். அவன் அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அரை மணி நேரம் கழித்து யாரும் பேசவில்லை. பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான். "தம்பிதான் சுட்டிருப்பான்", "இல்லை, அந்தப் பொம்பளை" என்று கிசுகிசுப்பு. காபி ஆறிப் போயிற்று.

படம் முடிந்ததும் ஆரம்பித்தது சண்டை! தன் வீட்டுக்குள்ளேயே ஒருவன் நாட்டைக் காட்டிக் கொடுக்கிறான் என்று தெரிந்தால் வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? "போலீசில் சொல்வதுதான் முறை" என்றாள் கல்லூரிப் பெண். "பேசிப் பார்த்திருக்கலாம், திருந்தியிருப்பான்" என்றார் அவள் அம்மா. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "நாங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்கள், உள்ளே பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்று. உங்கள் பாட்டியிடம்கூட நான் பேசினதில்லை" என்றார். பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்து, "முப்பது வருஷமாக வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணமா? நான் வேறு என்னவோ என்று நினைத்தேன்!" என்றார்.

பழைய படம் என்று நாம் ஒதுக்கி வைத்த ஒன்று, ஒரு வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடித்துப் பேச வைத்தது. இதற்கு எந்த விமர்சகரின் சர்டிபிகேட்டும் வேண்டாம்.

ஜனங்கள் கேட்கவில்லையா?

"அந்த நாள்" படத்துக்கு சர்டிபிகேட்டும் கிடைத்தது. 1954-ம் வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதில் தமிழில் இரண்டாவது சிறந்த படம் என்று தகுதிப் பத்திரம் கொடுத்தார்கள். முதல் இடத்து வெள்ளிப் பதக்கம் "மலைக்கள்ள"னுக்குப் போயிற்று. எம்.ஜி.ஆர். நடித்து, மூலை முடுக்கெல்லாம் ஓடிய படம். ஜனங்கள் கொண்டாடியதற்கே சர்க்காரும் பதக்கம் கொடுத்தது! ஓடின படமெல்லாம் மட்டம், ஓடாத படமெல்லாம் உசத்தி என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "மலைக்கள்ள"னையும் இன்று உட்கார்ந்து பார்க்கலாம். அலுப்புத் தட்டாது.

ஆனால் பட முதலாளிகள் வேறு பாடம் கற்றார்கள். "பாட்டு இல்லாவிட்டால் தமிழன் பார்க்க மாட்டான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு எத்தனை காலம் ஆட்டி வைத்தது! அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் துணிந்தார்கள். பாலு மகேந்திரா 1988-ல் "வீடு" எடுத்தார். கமலஹாசன் நடித்து 1995-ல் "குருதிப்புனல்" வந்தது. இரண்டிலும் பாட்டு இல்லை. 2019 தீபாவளிக்கு "கைதி" வந்தது. பாட்டு இல்லை, கதாநாயகிகூட இல்லை! ஒரு ராத்திரிக்குள் நடக்கும் கதை. ஜனங்கள் கொட்டகையை நிரப்பினார்கள். "அந்த நாள்" வந்து 65 வருஷம் ஆகியிருந்தது.

எனக்குப் பாட்டு பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல பாட்டு வந்தால் நானும் கூடவே முணுமுணுப்பவன்தான். வீணை வித்வானே பாட்டு இல்லாமல் படம் எடுத்தார் என்றால், சங்கீதம் பிடிக்காமலா எடுத்தார்? இந்தக் கதைக்கு வேண்டாம் என்று தெரிந்து விட்டுவிட்டார். வித்வானுக்கு எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பெட்டியில் பொடியான படங்கள்

இப்போது வயிறு எரியும் விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்". டி.பி. ராஜலட்சுமி நடித்தது. 1931 அக்டோபர் 31-ந் தேதி வெளிவந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது? எங்கும் போக முடியாது! ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ஊமைப் படம் "கீசக வதம்". தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதுவும் இல்லை.

எப்படிப் போயின? அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது. லேசில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. படச்சுருளில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தை எடைக்குப் போட்டு, வெள்ளியைப் பிரித்து எடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்! பிற்பாடு தீப்பிடிக்காத சுருள் வந்தது. அதற்கு வேறு வியாதி. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் காடி நாற்றம் அடித்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டு பாழாகும். நம் சென்னையின் சித்திரை வெயிலில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பெட்டிகளை அடுக்கி வைத்தால் என்ன கதி என்று சொல்ல வேண்டுமா?

ஒரு அதிசயம் கேளுங்கள். நாகர்கோயில்காரர் சுந்தர்ராஜ் 1933-ல் "மார்த்தாண்ட வர்மா" என்ற ஊமைப் படம் எடுத்தார். மூல நாவலின் உரிமை வைத்திருந்த புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. படம் நின்றது. சுந்தர்ராஜுக்கு நஷ்டம். ஆனால் வழக்கில் மாட்டிய பிரதி அப்படியே தங்கிப்போய், 1974-ல் பூனாவில் உள்ள தேசிய திரைப்படக் காப்பகத்தின் கைக்கு வந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்குப் போட்டதால் பிழைத்தது!

அந்தக் காப்பகம் 1964-ல் ஏற்பட்டது. பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து, கொட்டகைக்காரர் வீட்டுப் பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் தேடிப் படங்களைச் சேர்த்தார். அவர் சேர்க்காவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்குமோ! ஆனால் 1964-ல் தொடங்கினால் 1931-ல் எடுத்ததைக் காப்பாற்ற முடியுமா?

"சிட்டிசன் கேன்" படத்தின் மூல நெகடிவும் பிற்காலத்தில் ஒரு தீ விபத்தில் எரிந்துதான் போயிற்று. காசு கொடுத்துக் கொளுத்தச் சொன்னபோது தப்பியது, கடைசியில் தானாக எரிந்தது! ஆனால் அவர்கள் கையில் நல்ல பிரதிகள் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொண்டு மறுபடி சீர் செய்தார்கள். 1988-ல் அமெரிக்கா இதற்காக ஒரு சட்டமே போட்டது. அந்த நாட்டுப் பாராளுமன்ற நூல் நிலையம் வருஷத்துக்கு 25 படங்களைத் தேர்ந்தெடுத்து, இவை தேசத்தின் சொத்து என்று அறிவிக்கிறது. 1989-ல் போட்ட முதல் 25-ல் "சிட்டிசன் கேன்" உண்டு. வெளிவந்தபோது பெயரைச் சொல்லவே பயந்த நாடு!

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2022-ல் மத்திய சர்க்கார் பழைய படங்களைச் செப்பனிடும் பெரிய திட்டம் ஒன்றை அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் நாடு பெரியது, மொழிகள் பல. பூனாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு "அந்த நாள்" எது, "அடுத்த நாள்" எது என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு யோசனை. அமெரிக்காவைப் போல வருஷத்துக்கு 25 தமிழ்ப் படங்கள். அதிகம் வேண்டாம், 25 போதும். தேர்ந்தெடுப்பவர்கள் கோடம்பாக்கத்துக்காரர்களாக மட்டும் இருக்க வேண்டாம். ஆபரேட்டர் இருக்கட்டும், வாத்தியார் இருக்கட்டும், டூரிங் கொட்டகை நடத்தின பெரியவர் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த படத்தின் நெகடிவ் எங்கே இருக்கிறது என்று தேடட்டும். குளிர் அறையில் வைக்கட்டும். நல்ல பிரதி போட்டு, ஊருக்கு ஊர் நூல் நிலையத்தில் காட்டட்டும். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், செம்பரம்பாக்கத்தில், இன்று கோடிக் கணக்கில் செலவழித்து அரண்மனையும் தெருவும் செட் போடுகிறார்கள். படம் முடிந்ததும் அடித்து நொறுக்குகிறார்கள். ஒரு செட்டு போடுகிற செலவில் எத்தனை பழைய படத்தைப் பிழைக்க வைக்கலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும்.

"அந்த நாள்" இன்று இன்டர்நெட்டிலேயே பார்க்கக் கிடைக்கிறது. இரண்டேகால் மணி நேரத்துக்கு உள்ளேதான். சாப்பாட்டை முடித்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். செல்போன்களை அடுத்த அறையில் வையுங்கள். வீட்டில் யாராவது முன்பே பார்த்தவர் இருந்தால், கொலைகாரர் பெயரை வாய் தவறிச் சொல்லிவிடாதபடி அவர் வாயில் ஒரு முறுக்கைக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்த்தி வையுங்கள்!